இரும்புச் சட்டையை எங்கே வைப்பது

புன்னைத்துறையில் இரும்பு எதுவும் நெடுங்காலம் இரும்பாக இருந்ததில்லை; கடற்காற்று அதை அனுமதிப்பதில்லை; ஜன்னலுக்குக் கம்பி வைத்தவரின் பேரன் காலத்தில் ஜன்னல் மட்டும் மிஞ்சும், புதுச் சைக்கிள் வாங்கியவர் அடுத்த மழைக்குள் மணியை இழந்து வாயாலேயே வழி கேட்டுக்கொண்டு போவார். ஆகவே கொரைரா வீட்டு ஆக்னஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மூன்று அரிசிச் சாக்குகளில் இரும்புச் சட்டை வந்து இறங்கியபோது, பெண்பிள்ளைக்கு எதற்கு இரும்புச் சட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, இதை எங்கே வைப்பாய் என்றுதான்.

சட்டை என்பது ஊர் வைத்த பெயர். சரியாகச் சொன்னால் அது முழுக் கவசம்: கண்ணுக்கு நேரே ஒரு கீறல் மட்டும் விட்ட தலைமூடி, மார்புத்தகடு, தோளுக்கும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் தனித்தனிக் கிண்ணங்கள், விரல் விரலாகத் தகடு பதித்த கையுறை, உள்ளே போட ஒரு சங்கிலிச் சட்டை, எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டைச் சர்க்கரையின் பாதிக்கு மேல் கனம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் குதிரைவீரர்கள் அணிந்த அதே அமைப்பு. அந்தக் காலத்து வீரனுக்கு இதை எங்கே வைப்பது என்ற கவலை இருந்ததில்லை. அவனுக்கு ஏவலாள் இருந்தான், அந்த ஏவலாள் சங்கிலிச் சட்டையை மணலும் புளித்த காடியும் நிரப்பிய பீப்பாயில் போட்டு முற்றத்தில் உருட்டித் துருவைப் போக்குவான். ஆக்னஸுக்கு இருந்தது ஓர் அம்மா.

ஆக்னஸ் பங்குக் கோயிலின் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கோயம்புத்தூரில் உடற்கல்வி படித்தபோது, இப்படிக் கவசம் அணிந்து, களத்தில் தரும் கேடயமும் முனை மழுங்கிய வாளும் பிடித்து நிஜமாகவே அடித்துக்கொள்ளும் ஒரு விளையாட்டைக் கற்று, அதில் பிடிவாதமாகத் தேறியிருந்தாள். நாட்டின் பெண்கள் அணிக்கு ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு அவளும் புனேக்காரி ஒருத்தியும் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கொச்சியில் மோத வேண்டும். சொந்தக் கவசத்தோடு வராதவர் களத்தில் இறங்கக் கூடாது என்பது விதி. போன வருஷம் கவசம் செய்துமுடியாததால்தான் அவள் வெளியே நின்று கைதட்டிவிட்டுத் திரும்பினாள். இந்த வருஷம் கவசம் வந்துவிட்டது. ஊரில் அவளோடு மோத ஆளில்லை. ஆகவே அதைக் கொச்சிவரை பத்திரமாக வைத்திருந்து கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

முதல் இரவு அதை அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் எண்ணெய் பூசி வைத்தாள். காலையில் பெட்டி இருந்த இடத்தில் பெட்டியின் வடிவத்தில் பழுப்புத் தூள் குவிந்து கிடந்தது. அதன் நடுவில் கவசம் பளபளத்துக்கொண்டிருந்தது.

அவளுடைய அம்மா மெற்றில்டா, பள்ளிச் சீருடையும் சாமியார்களின் அங்கியும் தைப்பவள், துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"எனக்குச் சீதனமா வந்த பெட்டிட்டி அது."

"நான் என்னம்மா செஞ்சேன்? பெட்டி துருப்பிடிச்சிருக்கு."

"ஒரே ராத்திரியில?"

"பழைய பெட்டிதானே."

"உன் சட்டை மட்டும் பெரிய பூசைக்குப் போற மாதிரி மினுங்குது," என்றாள் மெற்றில்டா, தூளைக் கூட்டி முறத்தில் அள்ளியபடி. அவள் வியக்கவில்லை, கூட்ட வேண்டியது ஒன்று கூடிவிட்டதே என்ற எரிச்சல் மட்டும் இருந்தது.

அடுத்து பீரோவில் வைத்தார்கள், பீரோ போயிற்று. சமையலறைப் பரணில் வைத்தார்கள், அரிவாள்மணையும் தோசைக்கல்லும் போயின. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மதியம் இருந்ததற்கு, பாதி தைத்த அங்கிக்குள் ஊசி உதிர்ந்து, அந்த மெஷின் சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஆடு கத்துவதுபோல் கத்த ஆரம்பித்தது. மெற்றில்டா ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள்.

பக்கத்து வீட்டு வியாகுலம் சரக்குக் கப்பலில் பம்ப்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பவர்.

"ஏ பிள்ள, கப்பலுக்கு அடியில துத்தநாகக் கட்டி பதிச்சிருப்பாக, பாத்திருக்கியா?"

"நான் எங்க மாமா கப்பலுக்கு அடியில போய்ப் பாக்க?"

"கடல் அந்தக் கட்டியத் தின்னும், கப்பல விட்டுரும். உன் சட்டைக்கு நம்ம தெருதான் கட்டி. அதுக்கு வர வேண்டிய துரு நமக்கு வருது. அவ்வளவுதான் விஷயம்."

விஷயம் தெரிந்ததில் அவர் திருப்தியடைந்து, கவசத்தின் கழுத்தில் நாலு துத்தநாகக் கட்டிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கவசம் அவற்றைச் சட்டை செய்யாமல் அவர் வீட்டு மோட்டாரைத் தின்றது.

அன்றிலிருந்து ஆக்னஸின் விடுமுறை, பெட்டி தேடும் விடுமுறையாயிற்று. மீன் ஊறப்போடும் நீல பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து மூடியை இறுக்கினாள். நாலு வீடு தள்ளி உள்ள கேட் விழுந்தது. ஐஸ் அடைத்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் வைத்து டேப் ஒட்டினாள். மூலைக் கடைத் தராசு போயிற்று. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும், உள்ளே மெத்தையும், அடியில் சக்கரமும் வைத்த, ஆயுட்கால உத்தரவாதம் உள்ள பை ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். அதன் ஆயுட்காலம் வியாழக்கிழமை முடிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் நல்ல பெட்டி, இன்னும் இறுக்கமான மூடி என்று போனாள். ஒவ்வொரு முறையும் துரு இன்னும் கொஞ்சம் தூரம் போயிற்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

கடைசியில் சவப்பெட்டி செய்யும் சந்தியாகுவிடம் போனாள். அவர் கவசத்தை அளக்காமல் ஆக்னஸை அளந்தார், பழக்கம்.

"ஆணியே இல்லாம மர முளை அடிச்சுச் செஞ்சு தாரேன்," என்றார். "ஒரு தூசி உள்ள போகாது. நான் செஞ்ச பெட்டியிலிருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் எழும்பி வந்ததில்ல."

அதில் வைத்து மெழுகால் அடைத்த மறுநாள், தெருக்கோடியில் இருந்த பள்ளிக்கூடத்துக் கேட்டும் கோயில் மணியின் நாக்கும் ஒரே நேரத்தில் விழுந்தன. மணியின் நாக்கு விழுந்ததால் காலைப் பூசைக்கு யாரும் எழும்பவில்லை; எழும்பாததற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை.

முன்பு புயல் எச்சரிக்கைக் கொடிக்கும் மின்தடைக்கும் பழகியதுபோல், ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. "சட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். பெண்கள் மண்சட்டிக்கும் மர அகப்பைக்கும் மாறி, மீன்குழம்பு ருசி கூடிவிட்டதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரேஷன் கடைக்காரர் எடைக்கற்களைத் தினமும் துணிகொண்டு துடைத்தார். துரு ஏறினால் கல் கனக்கும், உதிர்ந்தால்தான் குறையும் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே உதிரும்வரை துடைத்தார். அப்படியொரு சுத்தத்தை அவரிடம் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. சாவி தொலைத்தவர்கள் கவசத்தைக் கடன் கேட்டு வந்தார்கள். இன்ஜினில் இறுகிப்போன போல்ட்டுக்காக ஒருவர் வந்தார். பங்காளிச் சண்டையில் அண்ணன் பூட்டிய கிணற்றுக் கதவுக்காகத் தம்பி வந்தார், இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்து தம்பியின் கேட்டுக்காகக் கேட்டார். ஆக்னஸ் இருவரையும் விரட்டினாள், மெற்றில்டா இருவருக்கும் கொடுத்தாள். "இருக்கிறத நாலு பேருக்கு உபயோகமா வச்சுக்கிட்டா என்னட்டி? நீ இத வச்சு என்ன கிழிச்சிட்ட?"

இதெல்லாம் ஆக்னஸை அறுத்தது. ஊரில் எல்லோருக்கும் அந்தக் கவசத்தால் ஏதோ ஒரு காரியம் நடந்தது. அவளுக்கு மட்டும் நடக்கவில்லை. ஒத்திகையாக ஒரு நாள் அதைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கொடுத்தார், பாதி வழியில் முன்கதவு கழன்று உப்பளத்தில் விழுந்தது, டிரைவர் இறங்கி அதை எடுத்துப் பின்சீட்டில் வைத்து அதற்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னார், மறுநாளிலிருந்து அந்தப் பஸ் புன்னைத்துறையில் நிற்காமல் போயிற்று. கதவு போனதற்கே இப்படி என்றால் ரயில் சக்கரம் போனால் என்ன ஆகும் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். ஒரு பெட்டி ஜனங்களைப் பாலத்திலிருந்து இறக்கிவிட்டு ஐந்தாவது இடத்தைப் பிடிக்க அவளால் முடியாது. கவசம் இல்லாமல் போகவும் முடியாது. மே மாதம் தேய்ந்துகொண்டிருந்தது.

கூரைத் தகட்டில் ஓட்டை விழத் தொடங்கியபின்தான் ஊர்க்கமிட்டி கூடியது. பங்கு மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டு, நடுவில் பங்குச்சாமி அமிர்தம் உட்கார்ந்தார். தீர்மானம் முன்பே தயாராக இருந்தது: சட்டையை வள்ளத்தில் ஏற்றி ஆழ்கடலில் போட்டுவிடுவது. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஆக்னஸ் அதை முழுவதும் அணிந்துகொண்டு கூட்டத்துக்கு வந்து, வாசலில் நந்திபோல் நின்றாள்.

"மகளே, கோபப்படாத," என்றார் பங்குச்சாமி. "கடல்ல போட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

"எனக்கு நஷ்டம், ஃபாதர்."

"கடல்ல போட்டா கப்பலத் தின்னுமே," என்றார் வியாகுலம், கப்பல்கள் சார்பாக.

"உங்க எல்லாருக்கும் பூட்டு திறக்க மட்டும் நான் வேணும்," தலைமூடிக்குள்ளிருந்து ஆக்னஸின் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் வந்தது. "சனிக்கிழமை நான் கொச்சியில நிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்ல இந்த ஊர்ல ஒரு வாய் கிடையாது."

மெற்றில்டா தையலைப் போட்டுவிட்டு வந்திருந்தாள், துணி அளக்கும் மரஸ்கேல் இன்னும் கையில் இருந்தது. "ஊரக் குறை சொல்லுதியா? வாய மூடுட்டி! பெட்டி போச்சு, பீரோ போச்சு, மெஷின் போச்சு, நான் ஒரு வார்த்தை பேசினேனா?" என்று கேட்டு, பேசாத அத்தனை வார்த்தைகளையும் சேர்த்து மகளின் மார்புத்தகட்டில் ஒன்று வைத்தாள்.

கோயில் மணி ஓய்ந்ததிலிருந்து அந்த ஊரில் அப்படியொரு ஓசை கேட்கவில்லை. எல்லோரும் வாயை மூடினார்கள். அந்த அமைதியில்தான், அதுவரை நாற்காலிகளுக்கு அடியில் சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்த பழுப்புத் தூள் நின்றுவிட்டது என்பதை வியாகுலம் கவனித்தார். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தூள் மறுபடி உதிரத் தொடங்கியது. பங்குச்சாமியின் நாற்காலி அவரை மெதுவாகத் தரையில் இறக்கிவைத்தது.

"மெற்றில்டா," என்றார் வியாகுலம், "இன்னொண்ணு போடு."

போட்டாள். தூள் நின்றது.

அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. அடி வாங்கச் செய்யப்பட்டதை எண்ணெய் பூசி, மெத்தை வைத்து, மெழுகால் அடைத்து மூடினால் அது வேறு என்ன செய்யும்? சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே சோபாவைக் கிழடாக்கும் ஊர் அது. நல்ல பொருள் என்றால் மூடி வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தோன்றியிருக்க முடியாது. சும்மா அணிந்து நிற்பதும் பெட்டிக்குள் கிடப்பதும் கவசத்துக்கு ஒன்றே. அடித்தால் அது தன் துருவைத் தானே வைத்துக்கொண்டது, அதுவும் ஒரு மெல்லிய சிவப்பு, மாலையில் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

மறுநாளிலிருந்து காலைப் பூசை முடிந்ததும் ஆக்னஸ் கோயில் முற்றத்தில் கவசத்தோடு நின்றாள், ஊர் வரிசையில் வந்து அடித்தது. துடுப்பு, விறகுக்கட்டை, உலக்கை, கிரிக்கெட் மட்டை. இரும்பைத் தவிர எல்லாம் வந்தன. சும்மா அடிக்க யாருக்கும் வரவில்லை, ஆகவே காரணம் சொல்லி அடித்தார்கள்.

"இது எங்க வலைய அறுத்த உன் தாத்தாவுக்கு."

"இது என் மகள பேஸ்பால் டீம்ல சேக்காததுக்கு."

"அவளுக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியாது, மயினி!"

"கண்ணு தெரியாதுன்னு சொன்னதுக்கு இன்னொண்ணு."

மனைவியை அடிக்க முடியாதவர், மாமியாரை அடிக்க முடியாதவள், அரசாங்கத்தை அடிக்க முடியாதவர் என்று ஊரின் தீராத வழக்குகள் எல்லாம் அவள் தோளிலும் முதுகிலும் வந்து விழுந்தன. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூட்டம் குறைந்துவிட்டதாகப் பங்குச்சாமி வருந்தி, ஆயர் இல்லத்தை நினைத்துத் தானும் ஒன்று போட்டார். ஒரு அடி கொஞ்ச நேரத்துக்குத்தான், ஊரே அடித்தால் மறுநாள் காலைவரை தாங்கியது; பள்ளிக் கேட்டும் மணியின் நாக்கும் புதிதாகப் போட்டார்கள், அவை நின்றன. ஆக்னஸ் விழாமல் நிற்கக் கற்றாள்.

ஆனால் கொச்சிக்குக் கூட வர ஒருவரும் இல்லை. வீட்டு வாசலில் இலவசமாக அடிப்பது வேறு, ரயிலில் அரை நாள் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருப்பது வேறு. வியாகுலத்துக்கு மூட்டுவலி. சந்தியாகுவுக்கு அவசர ஆர்டர், "ஆள் இன்னும் சாகல, ஆனா எப்ப வேணாலும்." வலைக்காரர்களுக்கு வலை. இவ்வளவு நாள் வரிசையில் முண்டியடித்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வாசல் வழியே போகாமல் கடற்கரை வழியே சுற்றிப் போனார்கள். ஆக்னஸ் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மெஷின் சத்தம் நின்றது. மெற்றில்டா உறையை எடுத்து மெஷினைப் போர்த்தினாள், பிறகு ஏதோ நினைத்து உறையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"வண்டி எத்தன மணிக்கு?" என்றாள்.

விடிந்ததும் சந்தியாகு கோயிலின் சவ வண்டியில் அவர்களை நாகர்கோவில் ஸ்டேஷன்வரை கொண்டுவிட்டார், வழியெல்லாம் மெற்றில்டா அடித்துக்கொண்டே வந்தாள். பகல் வண்டியில் முன்பதிவில்லாத பெட்டியில் ஆக்னஸ் ஜன்னலோரம் முழுக் கவசத்தோடு உட்கார்ந்தாள், எதிர்ச் சீட்டில் மரஸ்கேலோடு அம்மா. இது பெட்டிக்கு, டங். இது பீரோவுக்கு, டங். இது இடிந்தகரை மாப்பிள்ளையை வேண்டாமென்று சொன்னதற்கு, இது அந்த மாப்பிள்ளை இப்போது துபாயில் வீடு வாங்கியதற்கு. குழித்துறையில் ஏறியவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள், பாறசாலையில் ஏறியவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து பார்த்தார்.

"அம்மே, இவர எதுக்கு அடிக்குது?"

"வண்டி கொச்சி போய்ச் சேரணும்லா, அதுக்குத்தான்."

அவர் ஜன்னல் கம்பியைத் தடவி, விரலில் ஒட்டிய பழுப்புத் தூளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சற்றுக் கழித்துத் திரும்பி வந்து, தானும் ஒன்று அடித்துக்கொள்ளட்டுமா என்று கூச்சத்தோடு கேட்டார்; அவருக்கும் மேலதிகாரி இருந்தார்.

"வேண்டாம் சார்," என்றாள் மெற்றில்டா. "என் பிள்ள. நானே அடிக்கேன்."

கொல்லம் தாண்டியதும் ஸ்கேல் முறிந்தது. காரணங்களும் ஏறக்குறைய அங்கேதான் தீர்ந்தன. மெற்றில்டா எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தாள். காரணமில்லாத கை எவ்வளவு நேரம் ஓங்கும்? காயல்களைத் தாண்டி வண்டி போகப் போக அடி தணிந்து தணிந்து, முதுகுத்தகட்டில் சத்தமே எழாமல், அழும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் அதே வேகத்துக்கு வந்து நின்றது. மெற்றில்டா ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். தூள் உதிரவில்லை. இதுவும் கணக்கில் சேரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நிறுத்தாமல் தட்டினாள். இரும்புக்குள் ஆக்னஸ் தூங்கிப்போயிருந்தாள்.

சாயங்காலம் களத்தில் புனேக்காரி பலசாலி, வேகமானவள், பயிற்சி பெற்றவள். அவளுடைய வாள் ஆக்னஸின் தோளிலும் தலையிலும் இடியாக இறங்கியது. ஆக்னஸ் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இதில் யாருடைய வலையும் அறுபடவில்லை, யாருடைய மகளும் விடுபடவில்லை, இது வெறும் அடி. ஒரு ஊரையே தாங்கிய கால் நகரவில்லை. மூன்றாம் சுற்றில் கேடயத்தால் ஒரு தள்ளு. புனேக்காரி வேலியோடு சாய்ந்து விழுந்தாள்.

ஐந்தாவது பெயரை எழுதிக்கொண்ட அமைப்பாளர், போட்டி போலந்தில், கவசங்களை எல்லாம் இப்போதே ஒப்படைத்தால் பஞ்சு வைத்த உறுதியான பெட்டியில் பூட்டி விமானத்தில் அனுப்பிவிடுவோம், உங்களுக்குச் சுமக்கும் கவலையே இல்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

ஆக்னஸ் தலைமூடியைக் கழற்றினாள். விமானம் எவ்வளவு பெரிய இரும்பு என்று அவளுக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

"பெட்டி வேண்டாம் சார்," என்றாள். "எங்கம்மாவுக்கு ஒரு டிக்கெட் போடுங்க."

அமைப்பாளர் புரியாமல் மெற்றில்டாவைப் பார்த்தார். வேலிக்கு வெளியே அவள் வீங்கிச் சிவந்த வலது உள்ளங்கையை ஊதிக்கொண்டு நின்றாள்.

"எத்தன மணி நேரம்ட்டி அது?" என்றாள்.

"ஒரு பகல், ஒரு ராத்திரி இருக்கும்மா."

மெற்றில்டா இடது கையை நீட்டி, மகளின் மார்புத்தகட்டில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "இந்தக் கையையும் பழக்கிக்கிடணும்," என்றாள்.